பதினோரு பேருக்கும் ஒரே நம்பர்

— பாவாத்தா இல்லைங்கறேன். எத்தனை தடவ சொல்றது? இது பாவாத்தா ஊடு இல்ல கண்ணு.

— கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல பாவாத்தாள் பேருக்கு நேரா இந்த நம்பர்தானுங்க இருக்குது.

— இருக்கும். நாந்தான் குடுத்தேன்.

— நீங்களா?

— பின்ன? அவ எங்க போன் வெச்சிருந்தா? மில் லைன் ஊடுக மொத்தத்துக்கும் போன் இருந்தது எங்க மளிகைக்கடையில மட்டுந்தான்... ஆமா, ஆஸ்பத்திரின்னியே. அவளுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்லீங்க. நான் ஆராய்ச்சிப் பிரிவுலருந்து பேசறேன். மில்லுல வேலை செஞ்சவங்களுக்குப் பஞ்சுத் தூசியால நுரையீரல் என்ன ஆயிருக்குதுன்னு டாக்டருங்க ஆராயறாங்க. அதுக்கு ஆள் சேக்கறோமுங்க.

— ஆள் எடுக்கறீங்களா! மில்லத்தான் இழுத்து மூடிப்போட்டாங்களே!

— மில்லுக்கு இல்லீங்கம்மா, ஆராய்ச்சிக்கு...

— தெரியுது கண்ணு. சும்மா சொன்னேன். நீ சிரிக்கவே மாட்டயாட்ட இருக்குது.

— சிரிச்சேனுங்க. உங்களுக்குக் கேக்கல.

— சரி, இத்தனை ஜனத்துல பாவாத்தாள எப்படிப் புடிச்சீங்க?

— முன்னெல்லாம் வைத்தியத்துக்கு வந்தவங்க விவரம் பூராவும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்குதுங்க. அம்பது வயசுக்கு மேல, மில் வேலை, மூச்சு எரைப்பு... இது மூணும் யாருக்கு இருக்குதுன்னு கேட்டா, அதுவே பேர எடுத்துக் குடுத்துரும். ஆஸ்பத்திரியில அனுமதி வாங்கித்தான் கூப்பிடறோமுங்க.

— அட! மில் மேஸ்திரிகூட அத்தனை வெவரமா ஆள் புடிச்சதில்ல.

— பாவாத்தாள் அம்மா இப்ப எங்க இருக்காங்க?

— சூலூர்ல மக ஊட்டுல. மக நம்பர் எங்கிட்ட இருக்குது, தாரேன். எழுதிக்கோ... எழுதிட்டயா?

— எழுதிட்டனுங்க. அப்பறம்... மாசாணம்னு ஒருத்தருங்க.

— அவனுக்கும் இந்த நம்பரா?

— ஆமாங்க.

— அவிநாசியில இருக்கான். கோயிலுக்குப் பக்கத்துல பையன் பூக்கடை வெச்சிருக்கான். இவன் ஒக்காந்து தொடுக்கறான். மில்லுல நூல் அந்து போச்சுன்னா இவங் கை போறது தெரியாது, முடிஞ்சிருக்கும். அந்தக் கை இப்ப மல்லியப்பூக் கட்டுது.

— வெங்கடலட்சுமி?

— அவளுக்குமா?

— சென்னகிருஷ்ணன், ஈஸ்வரமூர்த்தி... மொத்தம் பதினோரு பேருங்கம்மா. பதினோரு பேருக்கும் இதே நம்பர்.

— யா அல்லா! சிரிக்க வெக்காத புள்ள... லொக்... இரு... லொக் லொக்... இரு, தண்ணி குடிச்சுக்கறேன்...

— மெதுவா குடிங்க. நான் இருக்கேன்.

— ...ம். சொல்லு.

— எங்க ஹாரிகா மேடம் பாத்துப்போட்டு, "ஒரே நம்பர்னா யாரோ தப்பா அடிச்சிருக்காங்க, பதினோரு பேரையும் லிஸ்ட்லருந்து எடுத்துரு"ன்னாங்க. நாந்தான் ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கறேன்னேன்.

— நல்ல வேலை செஞ்ச. தப்பெல்லாம் இல்ல. அவிய எல்லாத்தையும் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தது நாந்தான். ஆஸ்பத்திரியில சீட்டுப் போடற புள்ள நம்பர் கேக்கும். என்னைத் திரும்பிப் பாப்பாங்க. நான் சொல்லுவேன். எம் மகன் சாஜித்து, "எதுக்கும்மா இந்த லேண்ட்லைனு, கட் பண்ணிரலாம்"னு நாளும் சண்டை. யாராவது கூப்பிட்டா எங்கடா போவாங்கன்னு வெச்சிருக்கேன். பாரு, கூப்பிட்டுட்ட!

— அதே செவப்புப் போனுங்களா?

— அது போயி ரொம்ப நாளாச்சு. இது வேற... உனக்கெப்படித் தெரியும் செவப்புன்னு?

— அது... அந்தக் காலத்துல எல்லாம் செவப்புத்தானுங்களே.

— எங்க? எல்லாம் கருப்புதான். எங்கூட்டுதுதான் செவப்பு. உம் பேரென்ன கண்ணு?

— சென்னகிருஷ்ணன் நம்பர் இருக்குங்களா?

— அவன் போயிட்டான் சாமி. போன வருசம். அவன் பேர அடிச்சுரு... இல்ல, அடிக்காத. செத்துட்டான்னு மட்டும் போட்டுக்கோ.

— சரிங்க... அப்படியே போட்டுக்கறேன்.

— லைன் ஊட்டையெல்லாம் இடிச்சு அபார்ட்மென்ட் கட்டிப்போட்டாங்க. இப்ப ஊட்டுக்கு நாலு போனு. பக்கத்து ஊட்டுக்காரன் பேரு தெரியல. அன்னிக்கு ஒரே போனு, லைன்ல யாரு ஊட்டுக் கொழந்தைக்குக் காச்சல்னும் தெரியும். எனக்குன்னு ஒரு வழக்கம் கண்ணு. நல்ல சேதின்னா கடையில நின்னே கத்திப்போடுவேன். கெட்ட சேதின்னா கத்த மாட்டேன். நடந்து போயிச் சொல்லுவேன். நான் பேசாம நடந்து வாரதப் பாத்தா லைனே எந்திரிச்சு வாசல்ல நிக்கும், யாரூட்டுக்கோன்னு.

— ...ஆமாங்க.

— என்ன ஆமாங்க?

— இல்ல... நெனச்சுப் பாத்தேனுங்க. அம்மா, நீங்க மில்லுக்குப் போனதில்லீங்களா?

— நானா? நான் கடைக்காரி. எனக்கும் மில்லுக்கும் என்ன?

— இப்ப இருமுனீங்களே.

— மொளகா வறுத்தேன்.

— நான் கூப்பிட்டதுலருந்து மூணு தடவ இருமிட்டீங்க. மொளகா கருகியிருக்குமே.

— வாயாடி! நான் பேசாத புள்ளைன்னு நெனச்சேன்.

— நெசத்தச் சொல்லுங்கம்மா.

— ...கல்யாணத்துக்கு முந்தி போயிருக்கேன். கழிவுப் பஞ்சு பிரிக்கற வேலை. ஒரு குடோனு, சன்னல் கெடையாது. வெளிய வந்தா தலையில புருவத்துலயெல்லாம் பஞ்சு, கெழவியாட்ட இருப்போம். அங்கதான் எங்கூட்டுக்காரர் என்னையப் பாத்தாரு. கலீல் ரஹ்மான். மூட்டை தூக்கிட்டு வருவாரு. "கெழவியாட்ட இருக்கறப்பவே புடிச்சுப் போச்சு, இனி உனக்கு வயசானாலும் பயமில்லை"ன்னாரு.

— அடேங்கப்பா! லவ்வுங்களா?

— போ கழுதை... லொக்... லொக் லொக்...

— டாக்டரப் பாத்தீங்களா இதுக்கு?

— எதுக்கு?

— பதினோரு பேரக் கூட்டிட்டு வந்தீங்க. உங்க பேர் கம்ப்யூட்டர்லயே இல்லீங்கம்மா. நான் தேடிப் பாத்துட்டேன்.

— எப்படி இருக்கும்? எனக்குன்னு ஒரு நாளும் சீட்டுப் போட்டதில்ல. ஏன் தேடுன?

— ...நம்பருக்குச் சொந்தக்காரங்க யாருன்னு பாக்கலாம்னு. நாளைக்கு வாங்க. சீட்டுப் போட்டு, ஊதிப் பாக்கற டெஸ்ட்டு, ஸ்கேனு... ஆராய்ச்சியில சேரோணும்னு கட்டாயம் இல்லீங்க. சேந்தாலும் வேண்டாம்னா எப்ப வேணா நின்னுக்கலாம். ஆனா டாக்டரப் பாக்கோணும்.

— நான் வல்ல.

— ஏனுங்க?

— எங்கூட்டுக்காரரையும் இதே இருமல்னு அங்கதான் கூட்டிட்டு வந்தேன். முத்துனதுக்கப்பறம் வந்திருக்கீங்கன்னாங்க. கூட்டிட்டு வந்தவள், தனியாத்தான் ஊட்டுக்குப் போனேன். அந்த கேட்டுக்குள்ள எனக்குக் கால் வராது கண்ணு. விடு.

— முத்தறதுக்கு முந்தி வந்தா பாத்துக்கலாமுங்க. அதுக்குத்தான இந்த ஆராய்ச்சியே...

— விடுங்கறேன். மத்தவங்களக் கேளு. பொற்கொடி பேரு இல்லையா உங்க கம்ப்யூட்டர்ல?

— ...இருக்குதுங்க.

— அவளக் கேக்கவே இல்லையே நீ!

— அவங்கள... முன்னாடியே பாத்துட்டோமுங்க. ஈரோட்டுல இருக்காங்க. மாத்திரை, உறிஞ்சற மருந்தெல்லாம் ஒழுங்கா எடுத்துக்கறாங்க. இப்ப மாடிப்படி நிக்காம ஏறறாங்க.

— அல்லா கிருபை! நல்லா இருக்கட்டும். அவ பட்ட பாடு... அவளுக்கு ஒரு புள்ள இருந்துச்சு. இளவேனின்னு. முட்டியில எப்பவும் ஒரு காயம் இருக்கும். அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?

— ...படிச்சுட்டு வேலைக்குப் போகுதுன்னு சொன்னாங்க.

— படிச்சுட்டாளா! மாஷா அல்லா. உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். நீ யாரோ எவரோ, அதனால சொல்றேன். அவங்கப்பன் லாரி ஓட்டறவன். ஞாயித்துக்கெழமைன்னா எங்கிருந்தாலும் கடைக்குப் போன் பண்ணிருவான். "இளவேனீ, போன் வந்துருக்குது, ஓடியா கண்ணு"ன்னு நான் கத்துவேன். அந்தக் கடைசி ஊட்டுலருந்து செருப்புக்கூடப் போடாம ஓடியாரும். அப்பறம் ஒரு வாரம் போன் வல்ல. அடுத்த வாரமும் வல்ல. நாக்பூர்ப் பக்கம் வேற குடும்பம் வெச்சுக்கிட்டான்னு சேதி மட்டும் வந்துச்சு.

— புள்ள என்ன செஞ்சுதுங்க?

— புள்ளைக்கு என்ன தெரியும்? காலையிலயே வந்து அரிசி மூட்டை மேல ஒக்காந்துக்கும். போனையே பாத்துட்டிருக்கும். யாருக்காச்சும் மணி அடிச்சா எந்திரிச்சு நிக்கும். அவளுக்கில்லைன்னா மறுபடியும் ஒக்காந்துக்கும். எங்கூட்டுக்காரருக்குத் தாங்கல. ஒரு ஞாயித்துக்கெழமை, "சித்த நேரத்துல வாரேன்"னு எந்திரிச்சுப் போனாரு. கொஞ்ச நேரத்துல போன் அடிக்குது. எடுத்தா, எங்கூட்டுக்காரர் கொரலு. பஸ் ஸ்டாப்புல ஒத்த ரூபாய் போட்டுப் பேசற பொட்டி இருக்குமே, அதுலருந்து. "குல்சு, புள்ளையக் கூப்பிடு, அப்பன்னு சொல்லு"ங்கறாரு.

— நீங்க...?

— பொய் சொல்ல மனசு வல்ல எனக்கு. ஆனா கத்திப்போட்டேன். "இளவேனீ, போன் வந்துருக்குது"ன்னு. புள்ள எம் பக்கத்துலதான் ஒக்காந்திருக்குது, நான் லைனுக்கே கேக்கற மாதிரி கத்தறேன்! அதுலருந்து வாராவாரம். துண்ட வாயில வெச்சுக்கிட்டு அவங்கப்பனாட்டப் பேசுவாரு. படிச்சயா, சாப்பிட்டயா, அம்மா சொல்றதக் கேளு... ஒருக்கா நடுவுல இருமிப்போட்டாரு. "ஏம்ப்பா இருமற?"ன்னு புள்ள கேக்குது. "லாரித் தூசி கண்ணு"ன்னுருக்காரு.

— எத்தனை நாளுங்க இப்படி?

— அவங்க ஈரோட்டுக்குக் குடி போற வரைக்கும் நடந்துச்சு. மனசு அறுத்துக்கிட்டே இருக்கும் கண்ணு, ஒரு புள்ளைய ஏமாத்தறமேன்னு. ஆனா போன வெச்சதும் அது மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாரு, அதுக்காகச் செஞ்சோம். அவரு போற வரைக்கும் கேப்பாரு, "இளவேனி எப்படி இருக்காளோ"ன்னு. இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது... ஏம்மணி, லைன்ல இருக்கயா?

— இருக்கேனுங்க.

— அழுகறயா? அட, எதுக்குப் புள்ள...

— நாளைக்குக் காலையில நானே வாரேன், உங்களக் கூட்டிட்டுப் போக.

— வல்லைன்னு சொல்லிட்டேன்ல?

— எத்தனை பேர பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனீங்க. உங்களக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேண்டாங்களா? ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் கையப் புடிச்சுக்கறேன். உள்ள போனாலும் விட மாட்டேன். திரும்ப நானே கொண்டாந்து ஊட்டுல விடறேன். தனியா வர மாட்டீங்க.

— உனக்கு ஊடு தெரியாதே...

— மில் கேட்டுக்கு எதுத்தாப்புல. கடைப் படியில ஒரு கல்லு ஆடும், அதை மிதிக்காம தாண்டி வரோணும். அதுல உழுந்துதான் முட்டியில எப்பவும் காயம்.

— ...யாரு கண்ணு நீ?

— கம்ப்யூட்டர் குடுக்கறதுக்கு முந்தியே இந்த நம்பர் எனக்கு மனப்பாடமுங்க.

— இளவேனீ...? யா அல்லா, உங்கிட்டயா நான்... அப்பன்னு நெனச்சுட்டிருந்தயே கண்ணு... நான் பாட்டுக்கு எல்லாத்தையும் கொட்டிப்போட்டனே...

— எங்கப்பாவுக்கு இருமலே கெடையாதுங்க பாயம்மா. பேசறது பாய்தான்னு, அவரு இருமுன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் அதுக்கப்பறமும் வாராவாரம் ஓடியாந்தேன்.