ரயில்வே கேட்டைத் தாண்டி ஓடியவர்

காலை ஆறே கால். தேனி ரயில்வே கேட் மூடியிருந்ததால் தேவதானப்பட்டி பஸ் நின்றுவிட்டது. பனியனும் அரைக்கால் சட்டையும் போட்ட நரைத்த தலைக்காரர் ஒருவர் பஸ்ஸைத் தாண்டி ஓடி, கேட்டின் ஓரச் சந்து வழியாகத் தண்டவாளத்தைக் கடந்தார். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"மதினி, இடுப்பெலும்ப எடுத்துட்டு இரும்பு வச்ச நம்ம அண்ணனா ஓடுறாக?"

அண்ணன் மனைவியான அந்த மதினி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். "நடந்துட்டு வாரேன்னுல்ல சொல்லிட்டுப் போனாக."

"மதுரை டாக்டரு ஓடவே கூடாதுன்னாரே?"

"தடியப் பிடிச்சும் நடக்க முடியாமக் கெடந்த மனுசன். பந்தயத்துல ஓடி வாங்குன கப்பையெல்லாம் பரண்ல போடுன்னுட்டாக. ஒண்ணுல நாந்தேன் புளி வச்சிருக்கேன்."

"கூப்பிடட்டுமா?"

"சும்மா இரு. கால் இழுக்குதா பாரு."

"இல்ல மதினி. நேராத்தேன் ஓடுறாக."

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஆமா."

ரயில் போனது, கேட் திறந்தது. தோப்புகள் தொடங்கும் இடத்தில் பஸ் அவரை நெருங்கியது. மதினி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, அவர் கண்ணில் படாதபடி ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டார்.