இரண்டு வாசல் வைத்த வீடு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வால்டர் மாமா அவர்களே! இந்த மண் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டால், "நாங்கதான் அதுக்குச் சொந்தம்" என்று சொல்லிவிட்டு நடக்கிற பெரியவர்களே! ஓடைக்கரை முகாமிலிருந்து பிள்ளைகளையும் போர்வைகளையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! காலையில் வெள்ளையாக இருந்த சட்டை செம்மண் நிறமாகிப் போன நகரத்து விருந்தினர்களே! மேடையின் வலக்கோடியில் வீற்றிருக்கும் மாவிஸ் அத்தை அவர்களே! அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேடைக்கு முதுகு காட்டி நிற்கும் கிளிஃப்டன் அவர்களே! நமக்கு முன்னால் இந்த மண்ணில் நடந்தவர்களுக்கு முதல் வணக்கம். உங்கள் அனைவருக்கும் அடுத்த வணக்கம்.

கோபித்துக்கொண்டா அந்த மனிதர் அங்கே நிற்கிறார் என்று விருந்தினர் ஒருவர் காதோடு கேட்கிறார். கோபமில்லை ஐயா, மரியாதை. மாவிஸ் அத்தை, கிளிஃப்டனின் மனைவியைப் பெற்ற தாயின் தங்கை. நம் முறைப்படி அவரும் மாமியார்தான். மாமியாரை மருமகன் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, நேரே பேசக் கூடாது, ஓர் அறையில் சேர்ந்து இருக்கக் கூடாது. மாமியாருக்கும் அதே விதிதான். என்ன சொன்னீர்கள்? "கொடுத்து வச்சவங்க" என்கிறீர்களா? உங்கள் வீட்டு விவகாரத்தை நீங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையைச் சொல்ல இருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

நம் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெள்ளைக்காரர் முறையில் ஆஸ்திரேலிய அரசு வளர்த்த காலத்தில், கிளிஃப்டனைச் சிறு வயதில் அரசாங்க வண்டி ஏற்றிக்கொண்டு போனது. தெற்கே ஒரு விடுதியில் வளர்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மூடிய கதவைக் கண்டால் அவர் உடம்பு சொல்லும். வியர்க்கும், நடுங்கும், கதவை உடைத்துக்கொண்டு ஓடும். மனைவி சிறுநீரகச் சிகிச்சைக்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் தங்க வேண்டி வந்தபோது, மகள் கெய்லாவோடு வீட்டில் தனியே இருந்தார். தூக்கத்தில் அவர் அலறுவதைக் கேட்டு யாரோ புகார் சொன்னார்கள். அவரை ஏற்றிப் போனதைப் போலவே ஒரு வண்டி வந்து, அவர் மகளையும் ஏற்றிப் போனது.

மனநல ஆலோசனை பெற்றுக் குணமானால் குழந்தை திரும்பும். இல்லையென்றால் தொலைதூர நகரத்தில் வேறு குடும்பத்திடம் வளரும் என்றார்கள். ஆலோசகரிடம் போனார். நல்ல மனிதர்தான் அந்த ஆலோசகர். அன்போடு வரவேற்றார், நாற்காலி போட்டார், யாருக்கும் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தினார். சாத்திய கதவைத் திறந்துகொண்டு கிளிஃப்டன் ஓடினார். ஒத்துழைக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். ஓடியது மனிதனா? அல்லது அவனுக்குள் இன்னும் விடுதிக்குள்ளேயே நிற்கும் சிறுவனா? கேட்பார் இல்லை!

அப்போதுதான் நம்மவர்கள் நடத்தும் ஆறுதல் மையம் தொடங்கியது. நம் துயரை நம் முறையில் கேட்போம் என்றோம். கைதட்டுங்கள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிடுங்கள். நாம் செய்த கூத்தையும் கேட்க வேண்டும். மையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒரே ஒருவர்: மாவிஸ் அத்தை. வண்டி ஓட்டுபவரும் நம்மவர்தான், ஆனால் வடக்கேயிருந்து வந்தவர், இங்கே யார் யாருக்கு என்ன உறவு என்று அறியாதவர். முதல் நாளே அத்தையை முன் இருக்கையில் ஏற்றி, வழியில் கிளிஃப்டனைப் பின் இருக்கையில் ஏற்றிவிட்டார். ஏறிய பிறகுதான் கிளிஃப்டன் கவனித்தார். தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். வெளியார் செய்தால் அறியாமை. நாமே செய்தால்? அதுவும் அறியாமைதான், வெட்கம் மட்டும் இரண்டு மடங்கு.

அத்தை நினைத்திருந்தால் கைவிரித்திருக்கலாம். கைவிரிக்கவில்லை. வறண்ட ஆற்றுமணலில், ஒரு பெரிய மரத்தடியில், கிளைகளை நட்டுத் தட்டி கட்டினார். தட்டிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கிளிஃப்டன், முதுகோடு முதுகாக. நடுவில் பேச்சைக் கொண்டுசெல்ல ஓர் ஆள் வேண்டுமே? நம் வழக்கப்படி மூன்றாவது ஆளிடம் சொல்லலாம். ஆனால் மனத்தின் புண்ணை மூன்றாவது காது கேட்கலாமா? அத்தை தன் நாயைக் கூட்டி வந்தார். அதன் பெயர் சார்ஜன்ட், போலீஸ்காரரின் பட்டம்தான். சிரிக்காதீர்கள், இந்த வட்டாரத்தில் நாம் சொல்வதைக் கடைசி வரை கேட்ட சார்ஜன்ட் அவன் ஒருவன்தான்.

"ஏய் சார்ஜன்ட், அந்தாளு காலையில ஏதாச்சும் சாப்பிட்டானான்னு கேளு" என்று அத்தை தொடங்குவார்.

"சார்ஜன்ட், டீ மட்டும் குடிச்சேன்னு சொல்லு" என்பார் கிளிஃப்டன்.

இப்படி டீயில் தொடங்கிய பேச்சு, வாரம் வாரமாக, விடுதியின் வாசல்வரை போனது. பிறகு ஒருநாள் வாசலைத் தாண்டி உள்ளே போனது.

வழக்கு நாள் வந்தது. நம் சமுதாயக் கூடத்தில்தான் நீதிமன்றம். குழந்தை வழக்கு என்பதால் வெளியாரை விடவில்லை, கதவையும் சாத்தினார்கள். கிளிஃப்டனின் மைத்துனர் டெஸ்மண்ட் உள்ளே இருந்தார். அவர் சொல்லியே நான் அறிவேன்.

நீதிபதி அம்மா கேட்டார்: "மாவிஸ் அவங்ககிட்ட உங்க கஷ்டத்தைப் பேசினீங்களா?"

"இல்லைங்க."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட இல்லைங்க. பேசுவேனா?"

எதிர்த்தரப்பு வக்கீல் நிம்மதியாக உட்கார்ந்தார். நம் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மாமியாரிடம் பேசினேன் என்று பொய் சொல்லி மகளை மீட்பதா? மரியாதையைக் காத்து மகளை இழப்பதா? தலையைக் குனிந்து நின்றார் கிளிஃப்டன். பின்னாலிருந்து டெஸ்மண்ட் எழுந்தார்.

"அம்மா, கேள்விய மாத்திக் கேளுங்க. நாய்கிட்ட பேசினானான்னு கேளுங்க."

கேட்டார்கள். கிளிஃப்டன் ஒத்துக்கொண்டார். முறையை விளக்கினார் டெஸ்மண்ட். அப்படியானால் அந்த அம்மாவை அழையுங்கள் என்றார் நீதிபதி. அத்தை வெளியே மரத்தடியில்தான் காத்திருந்தார். ஆனால் கூடத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று! அவர் உள்ளே வர வேண்டும், இவர் வெளியே போக வேண்டும், இருவரும் எதிரெதிரே வரக் கூடாது. கிளிஃப்டன் சுற்றிப் பார்த்தார். இருந்த ஒரே நல்ல சட்டையோடு, நீதிபதிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே ஏறிக் குதித்தார். தப்பி ஓடுவதற்காக ஜன்னல் ஏறியவர்களை நீதிமன்றங்கள் பார்த்திருக்கும். மரியாதைக்காக ஏறியவனைப் பார்த்திருக்குமா?

அத்தை வந்தார். கிளிஃப்டன் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்றார். அப்படியானால் குணமானதை நான் எப்படி நம்புவது என்று நீதிபதி கேட்டார்.

"காலையிலேர்ந்து இந்தக் கதவைச் சாத்தித்தானே வச்சிருந்தீங்க? முன்னல்லாம் கதவு சாத்தினா ஒரு நிமிஷம் நிக்க மாட்டான். இன்னைக்கு உள்ளயே நின்னான். பயந்து ஓடல அவன். நான் வர்றேன்னுதான் போனான்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். கெய்லா அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வீடு வந்து சேர்ந்தாள்.

தோழர்களே, தாய்மார்களே! குணமாக வேண்டுமானால் உன் முறையை வாசலில் கழற்றிவிட்டு வா என்றார்கள் நம்மிடம். காயத்தைத் தந்ததே அந்தக் கழற்றல்தானே? கழற்றச் சொன்ன கையே கட்டுப்போட முடியுமா? காலில் முள் எடுக்கக் காலையே வெட்டுவதா மருத்துவம்? அதனால்தான் இன்று திறக்கும் மையத்தின் இந்தப் புது வீட்டுக்கு இரண்டு வாசல். இவ்வளவு சின்ன வீட்டுக்கு ஒரு வாசல் போதுமே என்றார் வரைபடம் கொண்டுவந்த பொறியாளர். "அப்போ பாதி ஊரு வெளியிலதான் நிக்கும்" என்றார் அத்தை. இரண்டு அறை, நடுவில் கூரையைத் தொடாத சுவர். குரல் கடக்கும், கண் கடக்காது.

விடுதியில் நடந்ததாக என்ன சொன்னீர்கள் என்று கிளிஃப்டனிடம் நான் கேட்டேன். கதை கேட்டுச் சொல்வது என் தொழில். "நாயைக் கேளுங்கண்ணே" என்றார். கேட்டேன். சார்ஜன்ட் வாலை ஆட்டினான், வாயைத் திறக்கவில்லை. அவனைப்போல் காக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இந்த வீட்டில் வேலைக்கு வரட்டும்!

இன்னும் பேசலாம். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சுருங்கிவிட்டது. அந்த மனிதர் வெயிலில் நிற்கிறார். நான் நீட்டுவது மரியாதை ஆகாது. அத்தை, கிழக்கு வாசல் உங்களுக்கு. முதலில் நீங்கள் போங்கள். கிளிஃப்டன், கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் திரும்புங்கள். மேற்கு வாசலில் கெய்லா டீயோடு நிற்கிறாள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த மண்ணுக்கு நன்றி. வணக்கம்.