பேச்சி வராத வெள்ளிக்கிழமை

அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறவள் இல்லை நான். ஆனாலும் இராஜபாளையம் டவுன் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர் பேசியது கேட்டது.

“நேத்து வனப்பேச்சி அம்மன் வரலக்கா,” என்றாள் இளையவள். “வெள்ளிக்கெழம வாசல்ல சோறு வச்சா கொலுசுச் சத்தம் கேக்கும். மனசுல அழுக்கிருந்தா வரமாட்டாள்ல?”

“ஏட்டி, நீ அப்படி என்ன தப்புப் பண்ணுன?”

“கட்டிக்குடுத்த மக போன்ல அழுதா, தனியா கெடக்கியேன்னு. எனக்கென்ன, துணைக்கு அம்புட்டுப் பேரு இருக்காகன்னு பொய் சொல்லிட்டேன்.”

“நெசத்தச் சொல்லிரு.”

“சொன்னா ஓடி வந்துருவா. அவ மாமியா ஏசும்.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த வெள்ளி நான் வாரேன். எனக்குக் கொலுசு கெடையாது. சோறு மட்டும் சேத்துப் பொங்கு.”

இளையவள் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வேண்டாங்கா. இன்னொரு ஆளு இருந்தா பேச்சி வரமாட்டா.”