ரூஷெனாவின் இறகு மெத்தை

– திறக்க மாட்டேன் ரூஷெனா அக்கா. கேப்டன் அனுப்பித்தானே வந்திருக்கே?

– ஆமா. "உன் தம்பி வோய்டெக் ஒருத்தன்தான் எல்லைக் காவல் பங்கரை விட்டு வரமாட்டேங்கிறான், நீ சொன்னா கேப்பான்"னாரு. என்னிக்குடா நீ என் பேச்சைக் கேட்டே?

– மத்தவங்க?

– லாரி ஏறியாச்சு. பாதிப் பேர் அழுதுக்கிட்டே ஏறினாங்க. மத்தியானம் ஜெர்மன்காரன் வந்துடுவான்.

– வரட்டும். வேனல் முழுக்க இந்தச் சுவருக்கு சிமெண்ட் குழைச்சவன் நான். ஒரு குண்டுகூடச் சுடாம எதுக்குக் குடுக்கணும்?

– நம்ம எல்லையை ஜெர்மன்காரனுக்குக் குடுக்கறதா மியூனிக்ல கையெழுத்துப் போட்டுட்டாங்களே.

– யாரு? பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும். நம்ம செக் ஆளுக்கு அங்க ஒரு நாற்காலி போட்டாங்களா? நம்ம வீட்டை எடுத்துக் குடுத்துட்டு, சண்டை வராதுன்னு அவங்க ஊர்ல கைதட்டல் வாங்கறாங்க.

– மெதுவாப் பேசு. கேப்டன் ரோட்டுலதான் நிக்கிறாரு.

– நீ வீட்டைக் காலி பண்ணிட்டியா?

– பண்ணிட்டேன். கைவண்டியில ரெண்டு பாத்திரம், என் கல்யாணத்துக்குத் தெச்ச இறகு மெத்தை.

– நாடே போகுது. உனக்கு மெத்தை கேக்குதா?

– குளிர்காலம் முழுக்க நம்ம தெருப் பொம்பளைங்க உக்காந்து காம்பு நீக்கி உரிச்ச வாத்து இறகுடா அது. நீ ஒரு தும்மல் போட்டு கூடம் பூரா பறக்கவிட்டியே.

– சிரிக்க வைக்காதே.

– மாமியாராப் போறவங்க தொட்டுப் பாக்க வந்தாங்க. கையைத் தட்டிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால வேத்துக் கை பட்டா ஆகாதுல்ல.

– கிளம்பு அக்கா. ஜெர்மன்காரன் கிட்ட வந்தா சுடுவேன். முடிவு பண்ணிட்டேன்.

– சாயங்காலம் நீ செத்துக் கிடப்பே. துப்பாக்கி அவன் கையில இருக்கும். நாளைக்கு அதை வெச்சே நம்மளச் சுடுவான்.

– அதனால? ஒரு திருகாணிகூடக் கழட்டாம விட்டுட்டு வரணும்கிறாங்க. நீயும் அதையே சொல்றியா?

– நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?

– எப்படிக் கொண்டு போறது? நம்மாளுங்களே ரோட்டுல மறிச்சு ஒவ்வொருத்தன் பையையும் கொட்டிப் பாக்கறாங்களாம்.

– பாக்கறாங்க. என் வண்டியையும் கிளறினாங்க. கல்யாண மெத்தைன்னு சொன்னதும் அதை மட்டும் ஒருத்தனும் தொடல.

– அக்கா...

– ஒரு பக்கத் தையலைப் பிரிச்சுட்டேன். பாதி இறகு வர்ற வழியில காட்டுல கிடக்கு. கதவைத் திற. துப்பாக்கிக் குழாயைக் கழட்டி முதல்ல குடு.