மூன்று புள்ளி வைத்த ரோட்டர்

“ஹலோ... ஆமாம்டா, நான்தான். சொல்லு... வீட்டுக்குள்ள இல்ல, ஷெட்ல இருக்கேன்... ஆமாம், ஆமாம், நாலு மணிக்கு லாரி வருது. காலையிலேர்ந்து மூணு தடவை சொல்லிட்டே. எனக்குத்தான் மறதியாச்சே, இன்னொரு தடவை சொல்லு...”

பெரியவர் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பாதி உடம்பைக் காரின் பானட்டுக்குள் நுழைத்திருந்தார். காருக்கு வயது நாற்பத்தாறு. வெளியூரில் இருக்கும் மகன் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் பேசி முடித்திருந்தான். மூன்று மாதமாக அது கிளம்பவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றுகிற ரோட்டரைக் காணோம். கட்டைவிரல் பருமன்தான், அது இல்லாமல் எஞ்சினுக்குப் பொறி வராது. பெரியவரே கழற்றி எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனார் என்பது வீட்டில் முடிவாகிவிட்ட விஷயம்.

“சாவி பத்திரமா இருக்கு... கேளுடா. அந்த ரோட்டருக்காக நான் ஏறாத கடை இல்ல. முதல் கடைக்காரர் கார் பேரைக் கேட்டதும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருந்தார்... நெசமாத்தான். அடுத்தவன், சாமான் இல்ல, ஃபோட்டோ இருக்குன்னான். அவன் தாத்தாவோட கல்யாண ஃபோட்டோ. மாப்பிள்ளைக்குப் பின்னாடி நம்ம கார் மாதிரியே ஒண்ணு நிக்குது. பானட் மூடியிருந்துச்சு, என்ன பண்றது... சிரி, சிரி... நேத்து கடைசியா எங்க போனேன் தெரியுமா? நீ பேசி முடிச்சியே, அதே இரும்புக் கடை... ஹலோ?... ஏன் சத்தத்தையே காணோம்?”

அவர் ரோட்டரை வேட்டி நுனியால் துடைத்தார்.

“ஷெட்டைச் சுத்தம் பண்றேன்னு ஒரு தகர டப்பாவை அங்க தூக்கிக் குடுத்தியே, அதைக் கடைக்காரர் என் முன்னாடி கவிழ்த்தார். நட்டு, போல்ட்டு, நடுவுல ரோட்டர். திருப்பிப் பார்த்தேன். அடியில மூணு புள்ளி...”

முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். ஒரு லிஃப்டின் சாமான் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாதென்று, கழற்றியதில் எல்லாம் காய்ச்சிய ஊசியால் புள்ளி வைத்துப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் குக்கர் கைப்பிடிக்கு இரண்டு, காருக்கு மூன்று.

“கழட்டினது யாரு?... ம்... ம்... பயந்து போய் நீயே கழட்டினியா... சரி, பால் வண்டியை இடிச்சேன். ஒத்துக்கிறேன். நின்ன வண்டிதான், அதையும் ஒத்துக்கிறேன். கண்ணு தெரியல, ஓட்டாதீங்கன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே... சொன்னியா? எத்தனை தடவை?... ஏழா? எட்டாவது தடவை சொல்லியிருக்கலாம்... இல்ல, நீ பேசாதே. ஓட்டாதேன்னது தப்பில்ல. மறதின்னு ஏன்டா சொன்னே?... நீ சும்மா சொன்னே. நான் நம்பிட்டேன். கதவைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன். பேரன்கிட்ட வீடியோல பேசுறப்ப அவன் பேரை உள்ளங்கையில எழுதி வச்சுக்கிட்டுப் பேசினேன்டா...”

அவர் ரோட்டரைத் தண்டின் தலையில் வைத்து அழுத்தினார். மூடியைக் கவிழ்த்து இரண்டு கிளிப்பையும் மாட்டினார். பானட்டைச் சாத்தினார்.

“மன்னிப்பெல்லாம் அப்புறம். வேலை கிடக்கு... லாரியா? அதோ, தெருமுனையில திரும்புது... வரட்டும். நிக்கிற காரைத் தூக்கலாம், ஓடுற காரை எப்படித் தூக்குவான்? பேசி முடிச்சவன் நீ, நீயே பேசி இல்லைன்னு சொல்லு... இரு. ம், சாவியைத் திருப்பு.”

கார் ஒரு தடவை இருமியது. இரண்டாவது தடவை கனைத்தது. மூன்றாவது தடவை, ஷெட்டின் தகரக் கூரை அதிரப் பிடித்துக்கொண்டது.

“கேக்குதா?... ஓட்டக் கூடாதா? சரிடா, ஓட்டல. நான் பக்கத்து சீட்டுலதான் ஏறுறேன்... வேற யாரு, உங்கம்மாதான்... ஆமாம், உங்கம்மாவேதான். மூணு மாசமா காலையில நடக்கப் போறேன்னு போனாளே, டிரைவிங் ஸ்கூல் வரைக்கும்தான் நடந்திருக்கா. போன வாரம் லைசென்ஸ் வந்துச்சு... எனக்கே நேத்துதான் தெரியும். இந்த வீட்டுல ஆளாளுக்கு என்கிட்ட எதையாவது ஒளிச்சு வைக்கிறீங்க... ஃபோனை அவகிட்ட குடுக்க முடியாது, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு...”

வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்த்து ஹாரன் நீளமாக அலறியது. லாரி யோசித்தது. பிறகு மெல்லப் பின்னால் போயிற்று.

“எங்கயா? உன் வீட்டுக்குத்தான். நாப்பது கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்... பேரனை வாசல்ல நிக்கச் சொல்லு. பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன்... கையைப் பார்க்காம. வச்சிடுறேன்.”