கண்ணாடியில் தெரியும்படி

உங்கள் போலீஸ் அலுவலகக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது, ஓர்டேகா மேடம். கை கழுவப் போனவளை இன்னும் காணோமே என்று வாசலில் நின்ற காவலர் கதவைத் தட்டினார். ஒன்றுமில்லை, குழாயைத் திறந்துவிட்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாகத் தண்ணீரை டம்ளர் டம்ளராக அளந்து குளித்தவளுக்கு அது பெரிய விருந்து.

வக்கீல் வேண்டுமா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். வேண்டாம். வக்கீல் வந்தால் நான் பேச வேண்டியதையும் அவரே பேசுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் போயிற்று. இன்றைக்காவது நான் பேசுகிறேன்.

என் பெயர் நோரீன் ஸ்டக்கி. பள்ளத்தாக்கில் விழுந்த வண்டியில் இருந்தவர் என் கணவர் வெர்லின். விபத்து என்று நேற்று எழுதிக்கொண்டீர்கள். இன்று வேறு மாதிரி கேட்கிறீர்கள். பக்கத்தில் முகாமிட்டிருந்த டெல்பர்ட் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று புரிகிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் முழுக்க ஒருவருக்கே செலவாகிவிட்டது.

ஒஹையோவில் எங்களுக்கு வீடு இருந்தது. வெர்லின் ஓய்வு பெற்றதும் அதை விற்று இந்த முப்பத்து நான்கு அடி மோட்டார் வீட்டை, அதாவது சக்கரம் வைத்த வீட்டை, வாங்கினார். விற்பதற்கு முன் என்னைக் கேட்டார் என்றுதான் ஊரெல்லாம் சொல்வார். கேட்டது உண்மை. "கையெழுத்துப் போட எந்தப் பேனா வேணும், நீலமா கறுப்பா?" என்று கேட்டார்.

இந்த வாழ்க்கையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சூரியன் மறையும், இரண்டு நாற்காலி இருக்கும், கையில் ஒயின் இருக்கும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் குழாயை யார் பிடித்தார்கள் என்று படத்தில் வராது. நான்தான் பிடித்தேன். அவருக்குக் குமட்டுமாம். மழை பெய்தால் கூரை ஒழுகும், வெயில் அடித்தால் தகரம் கொதிக்கும். சண்டை போட்டால் போய் உட்கார இன்னொரு அறை கிடையாது. கோபத்தில் அறைந்து சாத்தக்கூட ஒரு கதவு இல்லை. படுக்கையறைக்கு மடிப்புத் திரைதான் இருந்தது. அதை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சரசரவென்று சத்தம் வருமே தவிர வேறொன்றும் ஆகாது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்துப் பொறுத்து ஆண்டது முப்பத்து நான்கு அடி.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆயிரம் பெண்கள் இப்படி இருக்கிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தாங்காமல் போனது சாயங்காலங்கள்தான்.

நீங்கள் வண்டியில் வாழ்ந்தவர் இல்லை, அதனால் சொல்கிறேன். புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருவர் ஓட்டுவார், ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவார். ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. பக்கக் கண்ணாடியில் தெரியும் அந்தக் கைதான் அவருக்குக் கண். இரண்டு கையாலும் அழைத்தால் வா. ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம். தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்தால் நில். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. கை காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால், ஓட்டுகிறவர் அந்த நொடியே பிரேக் போட வேண்டும். அவர் விழுந்திருக்கலாம், சக்கரத்துக்கு அடியில் இருக்கலாம். வெர்லின் இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. புதிதாக வண்டி வாங்கியவர்களை நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவார். "பொண்டாட்டி கண்ணாடில இல்லன்னா காலு பிரேக்குல இருக்கணும், அவ்ளோதான்" என்பார்.

பின்னால் பார்க்க வண்டியில் ஒரு கேமரா இருந்தது. போன குளிர்காலத்தில் பழுதானது. சரி செய்யச் சொன்னேன். "எதுக்கு? நீதான் என் கேமரா. என்ன, இந்தக் கேமரா கொஞ்சம் மந்தம்" என்றார்.

முகாம்களில் சாயங்காலப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது. எல்லோரும் பீர் டப்பாவோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் போனால் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். வெர்லின் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவார்.

"ஏய் நோரீன், எங்க நிக்கிற? கண்ணு பிடரியிலயா இருக்கு? கையக் காட்டச் சொன்னா ஈ ஓட்டுற?"

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமா கத்துங்க, பக்கத்து மாநிலத்துக்குக் கேக்கல" என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒருமுறை ஒரு பெண் என்னிடம் வந்து, "என் வீட்டுக்காரர் தங்கம்னு இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறுதல் சொன்னாளாம்.

ஓரிகானில் ஒரு மரத்தில் இடித்தார். நான் நில் என்று காட்டினேன். அவர் அப்போது ஜன்னல் வழியே யாரையோ பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். பின்புறம் நசுங்கிவிட்டது. அதைச் சரி செய்யவில்லை. நசுங்கலுக்குப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதி வைத்தார்: "நோரீனின் கைவேலை". நெடுஞ்சாலையில் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் கை காட்டினேன்.

நிற்பது என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் என் பிரச்சினை. எனக்கு வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார் டாக்டர். மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு சில வாரங்களாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு ஓரிடம் கிடையாது, முகாம்களில் பதினான்கு நாளுக்கு மேல் இருக்க விடமாட்டார்கள். காகிதத்தில் மட்டும் ஒரு விலாசம் உண்டு, தெற்கு டகோட்டாவில் ஒரு தபால் பெட்டி. வண்டிவாசிகள் பலருக்கும் அப்படித்தான். அந்த மாநிலத்தில் நாங்கள் தூங்கியது ஒரே ஓர் இரவு. என் மருத்துவக் காப்பீடு அந்தத் தபால் பெட்டியோடு கட்டப்பட்டது. ஆகவே ஆபரேஷன் அங்கேதான். அங்கே போவதற்கு வண்டி ஓட்ட வேண்டும், ஓட்டுவது அவர்.

முதல் தடவை தேதி கிடைத்தபோது அங்கே குளிர் என்றார். இரண்டாவது தடவை, அரிசோனாவில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். மூன்றாவது தடவை கோடை முழுக்க நான் கெஞ்சினேன். சரி என்றார். இந்த அக்டோபர். நான் மருத்துவமனைக்கு என்று ஒரு புது நைட்டி வாங்கினேன், பூப்போட்டது. அதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஐடஹோவில் கிழக்கே திரும்ப வேண்டிய இடத்தில் அவர் தெற்கே திரும்பினார்.

"வழி தப்பு, வெர்லின்."

"யூட்டால ஒரு இடம் இருக்கு. பள்ளத்தாக்கு ஓரத்துலயே நிறுத்தலாம், காசு கிடையாது. ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்."

"செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரில இருக்கணும்."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அந்த மரியாதை மட்டும் உண்டு அவருக்கு. "போன வாரமே போன் பண்ணி கேன்சல் பண்ணிட்டேன், நோரீன். மார்ச்ல பாத்துக்கலாம். நீதான் நல்லா நடக்கிறியே."

என் போனிலிருந்து, என் குரலுக்குப் பதிலாகத் தன் குரலில் பேசி ரத்து செய்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்களும் கணவர்தானே என்று ஏற்றுக்கொண்டார்கள். நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.  பாலைவனம் வந்தது, சிவப்புப் பாறைகள் வந்தன, மதியத்துக்குச் சாண்ட்விச் செய்து கொடுத்தேன். ஊறுகாய் வெள்ளரிக்காய் போதவில்லை என்றார். இன்னும் இரண்டு துண்டு வைத்தேன்.

சாயங்காலம் அந்த இடத்துக்கு வந்தோம். நீங்கள் பார்த்தீர்கள். தட்டையான பாறை, விளிம்பு, அதற்கப்பால் ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி டெல்பர்ட்டின் பழைய வேன் மட்டும் இருந்தது. வெர்லின் இறங்கிப் பார்த்தார். வண்டியின் முன்பக்கத்தை ஓரத்துக்குக் காட்டி நிறுத்துவதுதான் புத்தி. ஆனால் படுக்கையறை ஜன்னல் பின்பக்கம் இருக்கிறது. "காலைல கண்ணு முழிச்சா பள்ளத்தாக்கு தெரியணும். பின்னால எடுத்து நிறுத்துறேன்" என்றார். சொல்லிவிட்டு, எந்த இடத்திலும் செய்வது போல, போன் சிக்னல் கிடைக்குமா என்று பக்கத்து வேன்காரரிடம் பேசப் போனார். பேச்சென்றால் அவருக்கு நேரம் போவது தெரியாது.

அந்த நேரத்தில் நான் சில பொருள்களை வெளியே எடுத்தேன். நாய் ரஸ்டியை இறக்கி ஒரு மரத்தில் கட்டினேன். வண்டி பின்னால் போகும்போது அது பயப்படும். என் மாத்திரைகளை எடுத்தேன். சாயங்கால வேளை மாத்திரை இருந்தது. குளிர்காலக் கோட்டை எடுத்தேன், காற்றடித்தது. இரும்புச் சட்டியை எடுத்தேன். வெளியே சமைக்கலாம் என்று. நாற்காலியை விரித்துப் போட்டேன், இடுப்பு வலித்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும்.

டெல்பர்ட் உங்களிடம் என்ன சொன்னார் என்பதை நானே சொல்கிறேன். "வண்டியை நிறுத்தி, மட்டம் பாத்து, சக்கரத்துக்கு முட்டு வைக்கிறதுக்கு முன்னாடி எவனாவது நாற்காலி போடுவானா?" என்றிருப்பார். சரிதான். எங்கள் ஆட்களில் யாரும் போடமாட்டார்கள். இடம் சரியில்லை என்றால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டுமே. உங்கள் ஆட்கள் நேற்று அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு ஒன்றும் நினைக்கவில்லை. என்னை அதிலேயே உட்கார வைத்துப் போர்வையும் போர்த்தினார்கள். அன்பான பிள்ளைகள்.

பிறகு அவர் வண்டியில் ஏறினார். நான் இடது பக்கம், கண்ணாடியில் தெரியும்படி நின்றேன். இரண்டு கையாலும் அழைத்தேன். அவர் சொல்லிக் கொடுத்தபடிதான். விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததா என்றால், தெரிந்தது. எனக்கு இடுப்பில்தான் கோளாறு, கண்ணில் இல்லை.

நான் எதையும் தள்ளவில்லை, எதையும் உடைக்கவில்லை. நேற்றிலிருந்து அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சும்மா இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், அதுதான் இதில் உள்ள சங்கடம். நாய்க்குத் தண்ணீர் வைக்க நான் இரண்டடி நகர்ந்திருந்தால் போதும். கண்ணாடியில் நான் இல்லை என்றதும் அவர் கால் பிரேக்குக்குப் போயிருக்கும். அவரைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம், அந்த விதியில் மட்டும் அவர் என்னை முழுதாக நம்பினார். நான் நகரவில்லை.

ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும்போது மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இன்றைக்குக் கத்தாமல் ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும், கைகளைக் குறுக்கே வைத்துவிடுகிறேன் என்று. ஆறு வருடத்தில் வராத வார்த்தை இன்று வரவா போகிறது என்றும் நினைத்தேன்.

வண்டி மெதுவாக வந்தது. அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லாததாலோ, ஆபரேஷன் விஷயம் மனதில் உறுத்தியதாலோ, அவர் கத்தவில்லை.

"இன்னிக்கு நல்லா காட்டுற, நோரீன்" என்றார்.

வண்டியின் பின்புறத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் படுக்கும் அளவு பாறை இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். என் கைகள் அழைத்துக்கொண்டே இருந்தன. வண்டியின் பின்புறம் சக்கரங்களைத் தாண்டி நீண்டிருக்கும், ஆகவே அவர் எழுதிய எழுத்துதான் முதலில் விளிம்பைக் கடந்தது. அதன் பிறகு சக்கரங்கள் இறங்கின. முன்பக்கம் மேலே எழுந்தபோது கண்ணாடி பள்ளத்தைக் காட்டியது. அதற்குப் பிறகு அவருக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்.

அந்த வார்த்தை தாமதமாக வந்துவிட்டது என்றுதான் ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் கட்டாயம் நிறுத்தியிருப்பேன், அவர் உயிர் அவர் வாயில்தான் இருந்தது என்று. அதை நான் நம்பியும் விட்டேன். இங்கே பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா, ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் என்னை வைத்திருப்பீர்களா என்று உங்களிடம் கேட்கக்கூட நினைத்திருந்தேன்.

ஆனால் கடைசியாக ஒன்று கேட்டீர்களே, மேடம், வெளியே ஏன் ஒரே ஒரு நாற்காலி என்று. வண்டியின் பக்கப்பெட்டியில் எப்போதும் இரண்டு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும். வெர்லினுடையது மேலே இருக்கும், கப் வைக்க இடம் உள்ளது. அதை அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டுத்தான் என்னுடையதை எடுக்க முடியும். எடுத்தேன். அப்போது அவர் டெல்பர்ட்டோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார், ஜன்னலில் தலையை நீட்டி நல்லதோ கெட்டதோ இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவருடைய நாற்காலியைத் திரும்ப உள்ளே வைத்துக் கட்டிவிட்டு, பெட்டியை மூடினேன்.