நடுத் தண்ணீரில் இல்லாத சுவர்

"நடுத் தண்ணியில குட்டிக்கரணம் போட்டு ஒதைச்சேம்மா, அங்க செவுரே இல்ல!"

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் நான் ஜன்னலை மறந்துவிட்டேன். கொழும்பில் நீச்சல் போட்டி முடிந்து வருகிறாள். கூட்டி வரப் போயிருந்த அம்மா, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் எதைடி ஒதைச்ச?"

"வெறுந்தண்ணியத்தான். நம்ம ஸ்கூல் நீச்சல் தடாகம் இருவத்தஞ்சு மீட்டரு, அங்க அம்பது. பழக்கத்துல பாதியிலயே திரும்பிட்டேன்."

"தொட்டி நீளமா இருந்தா நல்லதுதானே? மலையில செடி நெரை நீளமா இருந்தா திரும்புற நேரம் மிச்சம், கொழுந்தும் கூட எடுக்கலாம்."

"தண்ணியில அது தலைகீழும்மா. திரும்புறப்ப செவுத்த ஒதைச்சாத்தான் வேகம். நூறு மீட்டருக்கு நம்ம தடாகத்துல மூணு ஒதை, அங்க ஒண்ணுதான். அங்க எல்லாருக்குமே நேரம் கூடத்தான் எடுக்கும்."

அம்மா கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"நீதான் கடைசியா?"

"இல்ல, எனக்குப் பின்னால ஒருத்தி வந்தா."

"அவளும் நடுவுல திரும்பினாளா?"

"இல்லம்மா, நேராத்தான் வந்தா."

"நேரா வந்தே ஒனக்குப் பின்னாலயா!" பஸ் முழுக்கக் கேட்டது. "அடுத்த தரம் நீயும் நேராப் போ, பாப்போம்."

நானுஓயாவில் இருவரும் எழுந்தார்கள். மிதிபலகையில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"பாத்து எறங்குடி. யாரையாச்சும் செவுருன்னு நெனச்சு ஒதைச்சிடாத."